'மழை வரும் போல' உவமை அணியா? வகுப்பில் மாட்டிக்கொண்டேன்

சனிக்கிழமை டீச்சர், பட்டர்வொர்த்:

எல்லாருக்கும் வணக்கம். பட்டர்வொர்த்தில் ஒரு கடைவீட்டு மாடியில் சனிக்கிழமை காலை 9 மணியிலிருந்து 11 மணிவரை எஸ்பிஎம் (மலேசியாவில் படிவம் ஐந்தின் முடிவில் எழுதும் தேர்வு) தமிழ் இலக்கியம் சொல்லிக்கொடுக்கிறேன். படிவம் நான்கு, 11 பிள்ளைகள். எல்லாரும் தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டு படித்துவிட்டு இடைநிலைப்பள்ளிக்குப் போனவர்கள். வாரம் முழுக்க மலாயிலேயே ஓடும் பிள்ளைகளுக்கு இலக்கியம் என்றால் இந்த இரண்டு மணி நேரம்தான். கீழே ரொட்டி கடை வேறு. பத்து மணிக்கு நெய் வாசனை மேலே ஏறினால் பாதி வகுப்பு கீழே இறங்கிவிடும், மனத்தளவில்.

நான் படித்தது கணக்கியல். எஸ்பிஎம்மில் இலக்கியம் எடுத்திருந்தேன் என்ற ஒரே தகுதியில், முன்பு இருந்த அக்கா பிரசவத்துக்குப் போனபோது தற்காலிகமாக வந்தேன். ஒன்றரை வருடமாகத் தற்காலிகமாகவே இருக்கிறேன்.

சிக்கல் அணிகளில். எனக்குச் சொல்லித்தந்த குறுக்குவழிகளைத்தான் நானும் சொல்லித்தருகிறேன். 'போல' இருந்தால் உவமை, இல்லாவிட்டால் உருவகம். மோனைக்கு முதல் எழுத்து, எதுகைக்கு இரண்டாம் எழுத்து, இயைபுக்குக் கடைசி. தற்குறிப்பேற்றம் என்றால் மதுரைக் கோட்டைக் கொடி. அதைத் தாண்டி எனக்கே ஒன்றும் தெரியாது.

போன சனிக்கிழமை வெளியே கறுத்துக்கொண்டு வந்தது. பின்வரிசைப் பையன் ஒருவன் ஜன்னலைப் பார்த்து, "மழை வரும் போல" என்றான். ஒரு நிமிடம் கழித்து அவனே கையைத் தூக்கி, "டீச்சர், இப்ப நான் சொன்னது உவமை அணியா? 'போல' இருக்கே" என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துச் சமாளித்தேன். பதில் தெரியவில்லை.

அதோடு விடவில்லை. 'தீயினால் சுட்டபுண் உள்ளாறும்' குறளுக்கு ஒரு பெண் உவமை அணி என்று எழுதியிருந்தாள். பயிற்சிப் புத்தகத்தின் விடையில் வேற்றுமை அணி என்று இருந்ததால் தப்பு போட்டேன். "ஒப்பிட்டுப் பார்த்தாதானே டீச்சர் வேற்றுமை தெரியும்? அப்ப ஒப்பீடுதானே?" என்கிறாள். நியாயமாகத்தான் இருக்கிறது. இன்னொருத்தி, "தற்குறிப்பேற்றம்னா பெர்சோனிஃபிகாசிதானே, அதை பிஎம் வகுப்பில முடிச்சிட்டோம்" என்று புத்தகத்தை மூடி வைத்துவிட்டாள். (பிஎம் என்பது மலாய் மொழிப் பாடம்; பெர்சோனிஃபிகாசி என்பது உயிரில்லாததை மனிதர்போலப் பேசுவது.)

பெயர்களை மனப்பாடம் செய்வதில் கெட்டிக்காரப் பிள்ளைகள்தான். ஆனால் பார்க்காத கவிதையைக் கொடுத்தால் எல்லாருமே 'இக்கவிதையில் எதுகை மோனை சிறப்பாக அமைந்துள்ளன' என்று எழுதுகிறார்கள். எங்கே என்று கேட்டால் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள். இதை எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

செந்தூல் பழைய வாத்தியார்:

அம்மா, அந்தப் பின்வரிசைப் பையனுக்கு என் சார்பில் ஒரு தே தாரிக் வாங்கிக் கொடுங்கள். 34 வருடம் வகுப்பு எடுத்தவன் நான், இந்தக் கேள்வியை ஒரு பிள்ளையும் என்னிடம் கேட்டதில்லை.

'போல'வைத் தேடச் சொல்லாதீர்கள். மூன்று கேள்வி கேட்கச் சொல்லுங்கள்: எது? எதைப் போல? எந்த விதத்தில்? 'அகழ்வாரைத் தாங்கும் நிலம்போலத் தம்மை இகழ்வார்ப் பொறுத்தல் தலை' என்பதை எடுங்கள். எது? இகழ்பவரைப் பொறுத்துக்கொள்வது. எதைப் போல? தோண்டுபவனையே தாங்கி நிற்கும் நிலத்தைப் போல. எந்த விதத்தில்? துன்பம் செய்பவனையே தாங்குவதில். மூன்றுக்கும் பதில் இருக்கிறது, 'போல' என்ற உருபும் வெளியே தெரிகிறது. இது உவமை அணி. 'மழை வரும் போல' என்பதில் இருப்பது மழை ஒன்றுதான். 'எதைப் போல' என்று கேட்டால் பதிலுக்கு ஆள் இல்லை. அங்கே 'போல' ஊகத்தைச் சொல்கிறது, ஒப்புமையை அல்ல.

இந்த மூன்று கேள்வியைப் பிடித்துக்கொண்டால் மற்ற அணிகள் பலவற்றை 'இங்கே என்ன காணோம்' என்று கேட்டே பிடித்துவிடலாம். 'அகர முதல எழுத்தெல்லாம்' குறளில் எழுத்துக்கு அகரம், உலகுக்கு ஆதிபகவன் என இரண்டு பக்கமும் இருக்கிறது. நடுவே உருபைக் காணோம். அதனால் எடுத்துக்காட்டு உவமை. 'பீலிபெய் சாகாடும் அச்சிறும்' குறளில் மயிலிறகு இருக்கிறது, வண்டி இருக்கிறது, அச்சு முறிகிறது. ஆனால் 'எது' என்ற முதல் கேள்விக்குக் குறளுக்குள் பதிலே கிடையாது. எளியவர்கள்தானே என்று பலரையும் பகைத்துக்கொள்ளும் அரசனைத்தான் சொல்கிறார் என்று நாமாகப் புரிந்துகொள்ள வேண்டும். அது பிறிது மொழிதல். பிள்ளைகளுக்கு மாட்டுவண்டி தெரியாவிட்டால் கப்சாய் என்கிற ஒரு சின்ன மோட்டார் சைக்கிளில் ஐந்து பேர் ஏறுவதைச் சொல்லுங்கள்.

அந்தப் பெண்ணின் கேள்விக்கு வருகிறேன். அவள் பாதி சரி. வேற்றுமை அணியில் ஒப்பீடு உண்டு. தீயும் சுடும், நாவும் சுடும் என்று முதலில் இரண்டையும் ஒரே தட்டில் வைக்கிறார் வள்ளுவர். அப்புறம் ஒரு புண் ஆறும், மற்றது ஆறாது என்று பிரித்துவிடுகிறார். உவமை சேர்த்து வைப்பதோடு நின்றுவிடும், இது சேர்த்து வைத்துவிட்டுப் பிரிக்கும். நீங்கள் முழுத் தப்பு போட்டிருக்க வேண்டாம். அரை மதிப்பெண் கொடுத்திருக்கலாம், வாதாடியதற்கு இன்னொரு அரை.

எதுகையைப் பற்றி மட்டும் நான் பழைய ஆள். அதைக் கைவிரலால்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும். இரண்டு அடிகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, முதல் எழுத்துகளை விரலால் மறைக்கச் சொல்லுங்கள். 'அகழ்வாரை, இகழ்வார்' என்பதில் அ, இ மறைந்தால் மிஞ்சுவது இரண்டிலும் 'கழ்வா'. முதல் எழுத்து குறிலானால் கீழேயும் குறில், நெடிலானால் நெடில் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். 'நாடு' என்பதற்குப் 'படு' எதுகை ஆகாது. எழுதவே சிரமப்படும் பிள்ளைகூட இதை விளையாட்டு மாதிரி செய்யும்.

பாயான் லெப்பாஸ் நைட் ஷிப்ட்:

டீச்சர், நான் 2014இல் எஸ்பிஎம் இலக்கியம் எழுதியவன். ரிசல்ட் நல்லா வந்தது. இன்றைக்கு என்னை எழுப்பிக் கேட்டால் ஒரே ஓர் அணிதான் ஞாபகம் இருக்கிறது: வஞ்சப்புகழ்ச்சி, புகழ்வது போல் இகழ்வது. காரணம், அந்த வாரம் முழுக்க நாங்கள் ஒருவரை ஒருவர் அதில்தான் திட்டிக்கொண்டோம். 'தேவர் அனையர் கயவர்' குறளை சார் விளக்கியதும், "டேய், நீ தெய்வம்டா, நினைச்ச நேரத்துக்குத்தான் வருவே" என்று லேட்டாக வந்த நண்பனை வரவேற்றோம். சார் கேட்டுவிட்டு, குறளும் அதையேதான் சொல்கிறது, தேவரும் கயவரும் தங்கள் இஷ்டப்படி நடப்பவர்கள் என்றார். அவனுக்கு இன்றைக்கும் பட்டப்பெயர் 'தேவர்'தான். இப்போது ஃபேக்டரியிலும் அப்படித்தான் கூப்பிடுகிறோம்.

ஆனால் ஒன்று, பரீட்சைத் தாளில் பெயரை எழுதாமல் உணர்ந்தேன், ரசித்தேன் என்று எழுதினால் மார்க் கிடைக்காது. பெயரை விட்டுவிடாதீர்கள்.

கெப்போங் அம்மா:

எனக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவன் படிவம் மூன்று. நானும் பகுதிநேரமாகச் சொல்லிக்கொடுப்பவள்தான், ஆரம்பப்பள்ளிப் பிள்ளைகளுக்கு. நம் பிள்ளைகள் அணியே தெரியாமல் வருவதாக நினைத்துத்தான் நாம் ஆரம்பிக்கிறோம். பிஎம் வகுப்பில் பந்துன் என்ற நாலடி மலாய்ப் பாட்டைப் படித்து, கைதட்டி ஒப்பித்து, சொந்தமாக எழுதியும் பழகியவர்கள். அதைத் தமிழ் வகுப்புக்கு வெளியே செருப்போடு கழற்றி வைத்துவிட்டு வரச் சொல்கிறோம்.

எல்லாருக்கும் தெரிந்த ஒன்றை எடுங்கள்:

பீசாங் எமாஸ் டிபாவா பெலாயார்,
மாசாக் செபீஜி டி அத்தாஸ் பெத்தி;
ஊத்தாங் எமாஸ் போலே டிபாயார்,
ஊத்தாங் பூடி டிபாவா மாத்தி.

முதல் இரண்டு அடி பெம்பாயாங், அதாவது முன்குறிப்பு; பின் இரண்டு அடி மக்சுட், அதாவது சொல்லவரும் கருத்து. முதல் அடியும் மூன்றாம் அடியும் 'யார்' என்று முடிகின்றன, இரண்டும் நான்கும் 'த்தி'. நம் இயைபு இதுதான். திருக்குறளில் கடைசி எழுத்து ஒன்றிவரும் இடத்தைத் தேடி அலைவதைவிட, பந்துனைக் காட்டி இயைபைச் சொன்னால் ஐந்து நிமிட வேலை.

'எமாஸ்' இரண்டு முறை வருவதைக் கவனியுங்கள். முதலில் வாழைப்பழத்தின் வகை, அப்புறம் பொன். சொல் ஒன்று, பொருள் வேறு. நாம் அதைச் சொல் பின்வருநிலை என்போம். கடைசி இரண்டு அடிதான் எனக்குப் பிடித்தது. பொன்கடனும் கடன், நன்றிக்கடனும் கடன். ஒன்றை அடைத்துவிடலாம், மற்றதைச் சாகும்வரை சுமக்க வேண்டும். வாத்தியார் ஐயா சொன்ன அதே வேலைதானே? சேர்த்து வைத்துவிட்டுப் பிரிப்பது. தீப்புண் ஆறும், நாப்புண் ஆறாது. பொன்கடன் தீரும், நன்றிக்கடன் தீராது. வேற்றுமை அணியை நான் இப்போது இந்தப் பந்துனில்தான் ஆரம்பிக்கிறேன், அப்புறம்தான் குறளுக்குப் போகிறேன். 2020இல் யுனெஸ்கோ பந்துனை மலேசியாவுக்கும் இந்தோனேசியாவுக்கும் சேர்த்துப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் ஏற்றியதைச் சொன்னால், 'பாட்டி காலத்துச் சமாச்சாரம்' என்ற முகச்சுளிப்பும் கொஞ்சம் குறைகிறது.

அந்தப் பெர்சோனிஃபிகாசிப் பெண்ணுக்கு: இரண்டும் ஒன்றில்லை, ஆனால் அண்டை வீடு. 'காற்று பாடியது' என்றால் பெர்சோனிஃபிகாசி, அவ்வளவுதான். தற்குறிப்பேற்றத்துக்குக் காரணம் வேண்டும். மதுரைக் கோட்டையில் கொடி ஆடுவது காற்றினால். கோவலன் கண்ணகியைப் பார்த்து 'வராதீர்கள்' என்று கைகாட்டி மறிப்பதாகச் சொல்கிறார் இளங்கோவடிகள். இயல்பாக நடக்கிற ஒன்று, அதன்மேல் கவிஞர் தம் குறிப்பை ஏற்றுகிறார். பெயரிலேயே இருக்கிறது: தன், குறிப்பு, ஏற்றம். பெயரைப் பிரித்துக் காட்டுங்கள், அப்புறம் 'கொடி வந்தால் மார்க்' என்று சொல்ல வேண்டி வராது.

சனிக்கிழமை டீச்சர், பட்டர்வொர்த்:

ஐயா, அக்கா, நைட் ஷிப்ட் அண்ணா, மூவருக்கும் நன்றி. இன்னொரு கேள்வி, கோபித்துக்கொள்ளாதீர்கள். 'பிறவிப் பெருங்கடல் நீந்துவர்' குறளுக்கு ஒரு புத்தகத்தில் உருவகம் என்றும், இன்னொன்றில் ஏகதேச உருவகம் என்றும் போட்டிருக்கிறது. எதை எழுதச் சொல்வது?

செந்தூல் பழைய வாத்தியார்:

ஏகதேச உருவகம். மறுபடியும் 'என்ன காணோம்' கேள்விதான். பிறவியைக் கடல் ஆக்கிவிட்டார். அந்தக் கணக்குப்படி அதைக் கடக்க உதவும் இறைவன் அடியைத் தெப்பம் ஆக்கியிருக்க வேண்டும். ஆக்கவில்லை, வெறும் 'அடி' என்று விட்டுவிட்டார். ஒரு பாதியை மட்டும் உருவகம் செய்தால் ஏகதேசம். உருவகம் என்று பொதுவாக எழுதிய புத்தகம் குடும்பப் பெயரைச் சொல்லியிருக்கிறது, சொந்தப் பெயரைச் சொல்லவில்லை.

உவமையையும் உருவகத்தையும் பிரிக்க வருகைப் பதிவேட்டைத் திறங்கள். கயல்விழி, தேன்மொழி என்று யாராவது இருப்பார்கள். தேன் போன்ற மொழி தேன்மொழி, உருபு மறைந்த உவமை. திருப்பிப் போட்டு 'மொழித்தேன்' என்றால் மொழியே தேன், உருவகம். பிள்ளையின் பெயரையே திருப்பிப் போட்டுக் காட்டினால் சாகும்வரை மறக்காது. கொஞ்சம் கேலி செய்வார்கள், அதை நீங்கள் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சனிக்கிழமை டீச்சர், பட்டர்வொர்த்:

இரண்டு சனிக்கிழமை கழித்து எழுதுகிறேன்.

முதல் வாரம் பந்துனில் ஆரம்பித்தேன். பீசாங் எமாஸ் என்றதும் 11 பேரும் சேர்ந்து ஒப்பித்தார்கள், நான் முதல் அடியைத்தான் சொன்னேன். இந்த வகுப்பில் இவ்வளவு சத்தம் நான் கேட்டதில்லை. கீழ்க்கடைக்காரர் மேலே வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். 'பொன்கடன், நன்றிக்கடன்' என்று எழுதி, பக்கத்தில் 'தீப்புண், நாப்புண்' என்று எழுதினேன். என்னோடு வாதாடிய பெண் எழுந்து, "அப்ப நான் எழுதினது பாதி சரிதானே?" என்றாள். ஐயா சொன்னபடி ஒரு மதிப்பெண் முழுசாகக் கொடுத்துவிட்டேன். கணக்கியல்காரிக்கு அரையும் அரையும் ஒன்று.

ஆனால் எல்லாம் சரியாகப் போகவில்லை. பந்துன் ஒரு மணி நேரத்தைத் தின்றுவிட்டது, எதுகைக்கு நேரமே இல்லை. இரண்டாம் வாரம் விரலால் மறைக்கும் விளையாட்டை வைத்தேன். கற்க, நிற்க பிடித்தார்கள்; அகர, பகவன் பிடித்தார்கள். அப்புறம் ஒருவன் தன் பேனாவில் இருந்த கடை விளம்பரத்தில் எதுகை தேட ஆரம்பித்தான், இன்னொருவன் நண்பர்களின் பெயர்களில். 'ராமன், சோமன் எதுகையா' என்று கேட்டான். இரண்டும் நெடில், இரண்டாம் எழுத்து 'ம', எதுகைதான் என்றேன். 'ராமன், குமரன்'? நான் வாயைத் திறப்பதற்குள் முன்வரிசையிலிருந்து "நெடிலுக்குக் குறில் வராது" என்று பதில் வந்துவிட்டது.

பதிவேட்டில் தேன்மொழி இல்லை, கயல்விழி இருந்தாள். 'விழிக்கயல்' ஆக்கியதும் எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். அவள் அலட்டிக்கொள்ளாமல், "அப்ப என் கண்ணு மீனு மாதிரி இல்லை, மீனேதான்" என்றாள். நான் விளக்கியிருந்தால் இதைவிட நீளமாக, இதைவிட மோசமாக விளக்கியிருப்பேன்.

தற்குறிப்பேற்றத்துக்கு ஒரு வேலை கொடுத்தேன்: வரும் வழியில் தானாக நடக்கும் ஒன்றைப் பார், அது ஏன் நடக்கிறது என்று நீயாக ஒரு காரணம் ஏற்று. ஒருத்தி 'கடல் அலை சிரித்தது' என்று எழுதினாள். பெர்சோனிஃபிகாசிப் பெண்ணே திரும்பி, "ஏன் சிரிச்சது? காரணம் எங்கே?" என்று கேட்டாள். மூடி வைத்த புத்தகத்தைத் திறந்துவிட்டாள் என்று எடுத்துக்கொள்கிறேன். அலைக்காரி யோசித்துவிட்டு மாற்றி எழுதினாள்: 'தீவுக்கு வேலைக்குப் போகும் அப்பாவை ஃபெர்ரியில் ஏறாதே என்று அலைகள் படகைக் கரைக்கே தள்ளுகின்றன.' அவளுடைய அப்பா தினமும் காலை ஆறு மணிக்கு ஃபெர்ரி ஏறுபவர் என்று அப்புறம்தான் தெரிந்தது.

பின்வரிசைப் பையன் எழுதியது: 'டியூஷன் முடியும் நேரத்தில் மழை வருவது, நேராக வீட்டுக்கு வா என்று அம்மா மேகத்திடம் சொல்லி அனுப்பியதால்.' கீழே சின்ன எழுத்தில், 'இதில் போல இல்லை டீச்சர்.'

அண்ணா, பெயரை விடவில்லை. ஒவ்வொன்றையும் பேசி முடித்த பிறகு கடைசியில் பெயரை எழுதச் சொன்னேன். 11 பேரில் நான்கு பேர் இன்னும் தற்குறிப்பேற்றத்தைத் 'தற்குறியேற்றம்' என்றுதான் எழுதுகிறார்கள். கயல்விழியும் அதில் ஒருத்தி.

ஒரே ஒரு கேள்வி மிச்சம். உவம உருபுகள் பட்டியலை எழுதிப் போட்டேன்: போல, புரைய, ஒப்ப, உறழ என்று 12. "நாங்க எல்லாரும் 'மாதிரி'ன்னுதானே சொல்றோம், அது ஏன் இதில இல்லை?" என்கிறார்கள். ஐயா?

செந்தூல் பழைய வாத்தியார்:

நன்னூல் நூற்பாவின் கடைசி அடியைப் படித்துக் காட்டவில்லையா? 'என்பவும் பிறவும் உவமத் துருபே.' அந்தப் 'பிறவும்' என்ற சொல்லில் 'மாதிரி'க்கு இடம் இருக்கிறது. ஆனால் பரீட்சைத் தாளில் 'போல' என்றே எழுதச் சொல்லுங்கள். திருத்துபவர் 'பிறவும்' வரை படித்தவரா என்று நமக்கு எப்படித் தெரியும்?